ஏழாம் கூடைக்கு அரை நட்சத்திரம்

டெல்பர்ட் ஹ்ரூஸ்கா தன் அறுபத்து நாலு வயதுக்குள் எதையும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. அயோவாவில் வால்டெக் என்கிற எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். அவர் மனைவி மார்ஸியா முதல் ஆளாகச் சொல்வாள். கல்யாணத்தன்று கேக்கில் ஒரு வாய் தின்றுவிட்டு, "அடி கொஞ்சம் காய்ஞ்சு போச்சு" என்றாராம். கேக் செய்தது மாமியார்.

முப்பத்தொரு வருஷம் முட்டைத் தொழிற்சாலையில் வேலை. இருட்டறை. கீழே விளக்கு எரியும், மேலே முட்டைகள் உருண்டு போகும். இது முதல் தரம், இது இரண்டாம் தரம், இதில் விரிசல், இதில் ரத்தப்புள்ளி என்று கண்மூடித் திறப்பதற்குள் ஒதுக்க வேண்டும். ஒருமுறை ஒதுக்கிய முட்டையை மறுபடி எடுத்துப் பார்க்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. பிறகு அந்த வேலைக்கு ஓர் இயந்திரம் வந்தது. வந்த வாரமே அதற்கும் 'பார்வை மந்தம்' என்று தரம் போட்டுவிட்டு ஓய்வுபெற்று வீட்டுக்கு வந்தார். வீட்டில் தரம் பிரிக்க மார்ஸியா ஒருத்திதான் இருந்தாள். அவள் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் காலையில் அவருடைய டிஸ்க் பையைக் கொண்டுவந்து வாசலில் வைத்து, "இதை எடுத்துக்கிட்டு எங்கேயாவது போங்க, சாயங்காலம் வந்தா போதும்" என்றாள்.

பை ஏற்கெனவே இருந்தது. டிஸ்க் கோல்ஃப் எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்குப் பித்து. சிமெண்ட் எறிமேடையில் நின்று டிஸ்க் என்கிற பிளாஸ்டிக் தட்டை வீச வேண்டும். தூரத்தில் ஒரு கம்பத்தில் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை இருக்கும். எத்தனை வீச்சில் தட்டு கூடைக்குள் போகிறது என்பதுதான் ஆட்டம். முதல் வீச்சிலேயே போய்விட்டால் அதற்குப் பெயர் ஏஸ். பதினெட்டுக் கூடைகள் சேர்ந்தால் ஒரு மைதானம். டெல்பர்ட் இருபத்தாறு வருஷத்தில் இருநூற்றுப் பதினாலு மைதானங்களில் ஆடியிருக்கிறார். ஒவ்வொன்றையும் பற்றி, மைதானங்களுக்குத் தரம் போடுகிற ஒரு போன் செயலியில் 'முட்டைக்காரன்' என்ற பெயரில் கருத்து எழுதியிருக்கிறார். அந்தச் செயலியில் ஐந்து நட்சத்திரம் வரை போடலாம். அரைக்குக் கீழே போட வழியில்லை. அது தனக்கு இழைக்கப்பட்ட அநீதி என்று அவர் நினைத்தார்.

அரை நட்சத்திரம் அவர் ஒரே ஒரு மைதானத்துக்குத்தான் கொடுத்திருந்தார். ஊருக்கு வெளியே லவோன் குபிசெக்கின் பண்ணையில் இருக்கும் ப்ளூபேர்ட் மைதானம். அதற்கு அவர் எழுதியது இது:

"நுழைவுக் கட்டணம் ஏழு டாலர். இந்த ஏழு டாலருக்கு ஊருக்குள் கார் ஸ்டீயரிங் அளவுக்குப் பன்றி இறைச்சி சாண்ட்விச் கிடைக்கும். இங்கே கிடைப்பது முட்செடி. மூன்றாம் கூடையின் எறிமேடை இரண்டாகப் பிளந்து, பிளவுக்குள் ஒரு தவளை குடித்தனம் நடத்துகிறது. நாலாம் கூடை சாய்ந்து நிற்கிறது. ஐந்தாம் கூடையைத் தேடிக் கண்டுபிடிப்பவர்களுக்குத் தனிப் பரிசு வைக்கலாம். நீலக்குருவி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் பார்த்த நீல நிறம் குப்பை டிரம் மட்டும்தான்."

பெரியவர் வழி காட்டியதும் ஊரே கிளம்பியது. டி மோயினிலிருந்து வந்த ஒருவன், "இரண்டு பிள்ளைகளோடு போனேன், இரண்டு பிள்ளைகளோடும் பதினோரு உண்ணிகளோடும் திரும்பினேன்" என்று எழுதினான். இன்னொருத்தி, "கழிப்பறைக் கதவு உள்ளே தாழ்ப்பாள் இல்லாமல், வெளியே தாழ்ப்பாளோடு இருக்கிறது. ஏன்?" என்று கேட்டாள். பக்கத்துத் தெருக் கடைக்குக் காரில் போய்ப் பால் வாங்குகிற ஆசாமிகூட, "புல் முழங்கால் வரை" என்று புலம்பியிருந்தான். புல்லுக்கு வாய் இருந்தால் அவனைப் பற்றி அதுவும் ஏதாவது எழுதியிருக்கும்.

லவோன் குபிசெக் சும்மா இருக்கிற ரகம் இல்லை. ஒவ்வொரு கருத்துக்கும் கீழே பதில் போட்டாள். உண்ணிக்காரனுக்கு, "உண்ணிக்குத் தனிக் கட்டணம் இல்லை." தாழ்ப்பாள்காரிக்கு, "உள்ளே போனவர்கள் வெளியே வந்து கருத்து எழுதக் கூடாது என்றுதான்." டெல்பர்டுக்கு மட்டும் பதில் போடவில்லை. அந்த மௌனம்தான் கொஞ்சம் பயமாக இருந்தது.

மைதானம் ஏன் அப்படிக் கிடந்தது என்பது ஊருக்கே தெரியும். அதை உண்டாக்கியவன் லவோனின் புருஷன் மார்வின். பன்றி விலை படுத்த வருஷம் எங்கேயோ எதையோ படித்துவிட்டு, பதினெட்டுக் கூடைகளை வாங்கி நட்டான். இரண்டே வருஷத்தில் அதுவும் சலித்து, டெக்சாஸில் ஒட்டகப்பறவை வளர்க்கப் போகிறேன் என்று கிளம்பிவிட்டான். "அவன் நட்டது. புல்லு வெட்டணும்னா அவன் வந்து வெட்டட்டும்" என்றாள் லவோன். அவள் சொன்னது ஒன்பது வருஷத்துக்கு முன்னால். அன்றிலிருந்து புல் மார்வினுக்காகக் காத்திருக்கிறது.

இனி டெல்பர்டின் புண்ணுக்கு வருகிறேன். ஊரில் எல்லா ஆட்டக்காரர்களும் கூடுகிற மதுக்கடை ஒன்று உண்டு. புட்டிகளுக்குப் பின்னால் நீளக் கண்ணாடி. அதன் இரண்டு பக்கமும் சுவர் நிறையத் தட்டுகள் ஆணியில் தொங்கும். எல்லாம் ஏஸ் போட்ட தட்டுகள். ஏஸ் விழுந்ததைக் கண்ணால் கண்டவர்கள் அந்தத் தட்டின்மேல் கையெழுத்துப் போட வேண்டும். அதோடு அந்தத் தட்டுக்கு ஓய்வு, சுவருக்குப் போய்விடும். நாற்பத்து மூன்று தட்டுகள் தொங்கின. பீர் ஊற்றுகிறவளுடையது ஒன்று இருந்தது. பாதிரியாருடையது ஒன்று இருந்தது. டெல்பர்டுடையது இல்லை. இருபத்தாறு வருஷத்தில் ஒன்றுகூட விழவில்லை.

கையெழுத்து இல்லாமல் தட்டு தொங்கக் கூடாது என்று ஒரு அட்டை அந்தச் சுவரில் ஒட்டியிருந்தது. எழுதியவர் டெல்பர்டேதான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன், அவர் வயசுக்காரன், தீவன லாரி ஓட்டும் ரோலி வாவ்ரா மழையில் தனியாக ஆடி ஏஸ் போட்டேன் என்று தட்டும் புகைப்படமுமாக ஓடிவந்தான். டெல்பர்ட் புகைப்படத்தை வெளிச்சத்தில் பிடித்து முட்டை பார்ப்பதுபோலப் பார்த்தார். "நீயே கையால கூடையில வச்சிட்டு எடுத்திருக்கலாம் இல்ல?" என்றார். ரோலியின் முகம் தொங்கிப் போயிற்று. மறுநாள் அட்டை வந்தது. ரோலி அந்தத் தட்டை இன்னும் லாரியின் முன்கண்ணாடிக்குக் கீழே போட்டு வைத்திருக்கிறான்.

இந்தப் புரட்டாசி வெயிலில், அதாவது எங்கள் செப்டம்பரில், டெல்பர்டின் வலது தோள் கழன்றது. ஸ்கேன் பார்த்த டாக்டர் வியாழக்கிழமை அறுவைச் சிகிச்சை என்று நாள் குறித்தார். தட்டு வீசுவதை இனி மறந்துவிட வேண்டியதுதான் என்றும் சொன்னார். டெல்பர்ட் டாக்டருக்கு இரண்டாம் தரம் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். ஆனால் அன்று இரவுச் சாப்பாட்டில் உப்பு கூடிப் போயிருந்ததை அவர் சொல்லவில்லை. மார்ஸியா பயந்துபோனாள்.

மிச்சம் இருந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்தத் தோளை வைத்துக்கொண்டு நூற்றறுபது அடிக்கு மேல் வீச முடியாது. சுற்றுவட்டாரத்தில் அவ்வளவு கிட்டத்தில் இருக்கிற கூடை ஒன்றே ஒன்றுதான்: ப்ளூபேர்டின் ஏழாம் கூடை. யாரையாவது துணைக்குக் கூப்பிடலாம் என்றால், எந்த முகத்தோடு கூப்பிடுவது? அந்த மைதானத்தில் கால் வைப்பவனுக்கு மூளை இல்லை என்று அவரே நாலு பேர் முன்னால் சொன்னவர். சரி, ஞாயிறு மத்தியானம் எவனாவது குடும்பத்தோடு வந்திருப்பான், பார்த்தவன் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்று தனியாகக் கிளம்பினார்.

போய்ப் பார்த்தால் ஈ காக்கை இல்லை. வண்டி நிறுத்துமிடத்தில் அவருடைய கார் மட்டும். அரை நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு எவன் வருவான்? நுணலும் தன் வாயால் கெடும் என்பது எங்கள் தவளைக்கும் பொருந்தும், டெல்பர்டுக்கும் பொருந்தும்.

ஏழு டாலரைப் பெட்டியில் போட்டுவிட்டு, ஒப்புக்கு முதல் கூடையிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு வீச்சுக்கும் தோள் கத்தியது. மூன்றாம் எறிமேடையில், தவளைக்குப் பக்கத்தில் நின்று மூச்சு வாங்கும்போது பின்னால் குரல் கேட்டது.

"வாங்க முட்டைக்காரரே."

லவோன் குபிசெக். ரப்பர் பூட்ஸ், மார்வின் விட்டுப்போன தொப்பி, கையில் போன்.

டெல்பர்டுக்கு வேர்த்தது. "யாரு முட்டைக்காரன்? நான் சும்மா..."

"போட்டோ போட்டிருக்கீங்களே ஆப்புல. இந்த மூஞ்சிய மறக்க முடியுமா? ஆடுங்க, ஆடுங்க. நான் கூடவே வர்றேன். உங்க எழுத்தை ஒவ்வொரு இடத்துலயும் நின்னு வாசிக்கணும்னு ரொம்ப நாள் ஆசை."

சொன்னதைச் செய்தாள். மூன்றாம் மேடையில் தவளை வாக்கியத்தைத் தவளையின் முன்னாலேயே வாசித்தாள். தவளை உள்ளே போய்விட்டது. நாலாம் கூடைக்கு வந்ததும், "'நாலாம் கூடை சாய்ந்து நிற்கிறது'ன்னு எழுதியிருக்கீங்க. எந்தப் பக்கமா சாய்ஞ்சிருக்குன்னு எழுதல. பாருங்க, நல்லாப் பாருங்க" என்றாள்.

"வலப்பக்கம்" என்றார் டெல்பர்ட், பல்லைக் கடித்துக்கொண்டு.

"உங்க தட்டு எந்தப் பக்கம் போச்சு?"

"இடப்பக்கம்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நீங்க ஆடுற லட்சணத்துக்கு எங்க கூடை சாய்ஞ்சா என்ன, படுத்தா என்ன?"

"ஏங்க, ஏழு டாலர் வாங்குறீங்க இல்ல? ஒரு புல்லு வெட்டுனா கை தேஞ்சா போயிரும்?"

"உங்க மாதிரி ஆளுங்க எழுதி எழுதி இப்ப அந்த ஏழு டாலரும் வர்றதில்ல. இந்த மாசத்துல இன்னிக்குத்தான் பெட்டியில காசு விழுந்த சத்தம் கேட்டேன். கேட்டுட்டுத்தான் வெளியவே வந்தேன். பார்த்தா யாரு? நீங்க!"

 ஐந்தாம் கூடையைக் கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் ஆனது. லவோனுக்கே வழி மறந்துவிட்டது. அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

ஏழாம் மேடையில் லவோன் தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். கோயிலில் பைபிள் வாசிக்கிற தோரணை.

"'ஏழாம் கூடை. நூற்றறுபது அடிகூட இல்லை. கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்காகக் கட்டியது. இடப்பக்கத்தில் பட்டுப்போன ஒரு மல்பெரி மரம் நிற்கிறது. அதை வெட்ட இந்தப் பண்ணையில் ஒரு ரம்பம் இல்லையா? இங்கே ஏஸ் போட்டேன் என்று எவனாவது என்னிடம் சொன்னால், அவன் முகத்துக்கு நேரே சிரிப்பேன்.'" போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். "வீசுங்க."

டெல்பர்ட் மேடையில் நின்றார். இதற்குத்தான் வந்தார். நீலத் தட்டு ஒன்றை எடுத்தார். அதன் முதுகில் அவர் பெயரும் போன் நம்பரும் மார்க்கரால் எழுதியிருந்தது. தோளை மெதுவாகப் பின்னால் கொண்டுபோய் வீசினார். கையை விட்டுப் போகும்போதே தப்பு என்று தெரிந்துவிட்டது. பாதி வழியில் தோள் வெட்டி இழுத்தது. தட்டு நேராகப் போகாமல் இடப்பக்கம் கோணிக்கொண்டு போய், பட்ட மல்பெரியின் நடுத்தண்டில் 'டக்'கென்று மோதியது. மோதித் திரும்பி, தள்ளாடி, அந்தரத்தில் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுக் கூடைக்குள் விழுந்தது. சங்கிலி கிணுகிணுத்தது.

 காற்றில் சோளக்கதிர்கள் உரசுகிற சத்தம் மட்டும்.

டெல்பர்ட் ஓடினார். அறுபத்து நாலு வயதில், முட்செடிக்குள், பூட்ஸ்கூட இல்லாமல் ஓடினார். கூடைக்குள் நீலத் தட்டு மல்லாந்து கிடந்தது. தொடவில்லை. தொட்டால் இல்லாமல் போய்விடுமோ என்று பயந்தார். திரும்பிப் பார்த்தார். லவோன் மேடையிலேயே நின்றாள். பிறகு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தொப்பி விழ, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"உங்க பேச்சைக் கேட்டு அந்த மரத்தை வெட்டியிருந்தா?" என்றாள் மூச்சுத் திணற. "சொல்லுங்க, வெட்டியிருந்தா?"

வெட்டியிருந்தால் தட்டு குப்பை டிரம்முக்குப் பக்கத்தில் விழுந்திருக்கும். அது டெல்பர்டுக்கும் தெரியும்.

"கையெழுத்துப் போடணும்" என்றார்.  "நீங்க பார்த்தீங்க இல்ல? பார்த்தவங்க போடணும். வியாழக்கிழமை தோள அறுக்கறாங்க. இனிமே எனக்கு வீச்சே கிடையாது. லவோன், போடுங்க."

லவோன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். சட்டைப் பையில் மார்க்கர் இருந்தது. எடுத்தாள், மூடியைத் திறக்கவில்லை.

"இந்தக் கூடையில பதினோரு பேருக்குப் போட்டிருக்கேன். ஒரு பள்ளிக்கூட டீச்சரு, ஒரு தபால்காரரு, புள்ளத்தாச்சி ஒருத்தி. எல்லாரும் துள்ளிக்கிட்டுப் போனாங்க. அப்புறம் நீங்க எழுதுனீங்க, முகத்துக்கு நேரா சிரிப்பேன்னு. அந்த டீச்சரு வீட்டுல மாட்டியிருந்த தட்டை ஆணியிலேர்ந்து கழட்டி வச்சிட்டாராம். தெரியுமா?"

தெரியாது. டெல்பர்டுக்கு வெட்கமாக இருந்தது. முட்டை அறையில் அவர் ஒதுக்கிய முட்டைகள் வீட்டுக்குப் போய் அழுததில்லை.

"அழிச்சிடறேன்" என்றார். "அஞ்சு நட்சத்திரம் போடறேன்."

"யாருக்கு வேணும் உங்க நட்சத்திரம்? நீங்க எழுதுனது அத்தனையும் நெசம். தவளை நெசம், உண்ணி நெசம். ஒரு எழுத்தை அழிக்கக் கூடாது. அதுக்குக் கீழ இன்னொண்ணு சேருங்க. ஏழாம் கூடையில நான் ஏஸ் போட்டேன். பட்ட மரத்துல பட்டு விழுந்துச்சு. சாட்சி லவோன் குபிசெக். இப்பவே, இங்கயே, என் கண்ணு முன்னால."

வலது கை தூக்க வரவில்லை. முட்செடிக்கு நடுவில் நின்று இடது கட்டைவிரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். லவோன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "'பட்ட மரம்' விட்டுப்போச்சு, போடுங்க" என்றாள். போட்டார். அவள் நீலத் தட்டை எடுத்து, பெரிய எழுத்தில் கையெழுத்திட்டுத் தந்தாள். "பத்திரமா வச்சுக்கங்க. வியாழக்கிழமை நல்லபடியா ஆகட்டும்" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைத் தேடப் போனாள்.

மதுக்கடைக் கதவைத் தள்ளியபோதே தெரிந்தது. உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர், எல்லாக் கையிலும் போன், போனில் முட்டைக்காரன் எழுதியது.  அவரைக் கண்டதும் சிரிப்பில் கூரை பறந்தது. பாதிரியார் மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தார். பீர் ஊற்றுகிறவள் குழாயை மூட மறந்துவிட்டாள்.

ரோலி வாவ்ரா மட்டும் சிரிக்காமல் எழுந்து வந்தான். தட்டை வாங்கி விளக்குக்கு நேராகத் தூக்கி, முன்னும் பின்னும் திருப்பி, முட்டை பார்க்கிற மாதிரியே பார்த்தான். அந்த ஜாடை எல்லாருக்கும் புரிந்தது. கடை அடங்கியது.

"கையெழுத்து சரியா இருக்கு" என்றான் ரோலி. "ஆனா டெல்பர்ட், இன்னொரு பாக்கி இருக்குடா. அங்க ஏஸ் போட்டேன்னு எவன் சொன்னாலும் அவன் முகத்துக்கு நேரா சிரிப்பேன்னு நீ எழுதியிருக்கே. எழுதுன வார்த்தைய இதுவரைக்கும் நீ மாத்துனதில்ல. உன்கிட்ட எனக்குப் பிடிச்சதே அது ஒண்ணுதான்." அவரது இடது தோளைப் பிடித்துத் திருப்பி, பாருக்குப் பின்னால் இருந்த நீளக் கண்ணாடிக்கு நேரே நிறுத்தினான். "இதோ இருக்கான் அவன். சிரி."

டெல்பர்ட் கண்ணாடியைப் பார்த்தார். சட்டையெல்லாம் முள். நெற்றியில் சேறு. ஒரு தோள் தொங்கி, ஒரு தோள் தூக்கி, நாலாம் கூடை மாதிரியே சாய்ந்து நின்றான் அந்த ஆள். ஒப்புக்கு "ஹ" என்றார்.

"இதெல்லாம் இரண்டாம் தரம்" என்றான் ரோலி.

அதைக் கேட்டதும் டெல்பர்டுக்குச் சிரிப்பு பீறிட்டது. முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு. வலியோடு, கண்ணாடியில் இருந்தவனைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரிப்பை எங்கள் ஊர் அன்றுதான் பார்த்தது. பற்கள் சின்னச் சின்னதாக இருந்தன. சிரித்து முடிக்கும்போது அழுகிறாரா என்று யாரும் உற்றுப் பார்க்கவில்லை, பாதிரியார் மட்டும் கைக்குட்டை நீட்டினார்.

பிறகு டெல்பர்ட் சுவருக்குப் போய், தன் கையால் எழுதிய அட்டையை ஒரே இழுப்பில் கிழித்து எடுத்தார். "லாரிச் சாவி எங்க?" என்று ரோலியைக் கேட்டார்.

"எதுக்குடா?"

"உன் தட்டை எடுத்துக்கிட்டு வர்றேன். ரெண்டு ஆணி அடிங்க."

அன்று சாயங்காலம் இரண்டு தட்டுகளும் பக்கத்தில் பக்கத்தில் ஏறின. ரோலியினுடையது வெயிலில் வெளுத்துப் போயிருந்தது. வியாழக்கிழமை டெல்பர்டின் தோளை அறுத்தார்கள். இப்போது அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு ப்ளூபேர்டுக்குப் போய், ஏழாம் மேடையில் ஒரு மடக்கு நாற்காலியில் உட்காருகிறார். சாட்சிக்கு. செயலியில் எழுதியதைப் படித்துவிட்டு அந்த மரத்தில் மோதிப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். லவோன் இன்னும் புல் வெட்டவில்லை. அரை நட்சத்திரமும் அரை நட்சத்திரமாகவே இருக்கிறது.